வண்டு வராத வரிசை

பெனிட்டாவிடம் அவர்கள் கேட்டது ஒரே ஒரு கையெழுத்து.

பல்லடத்துக்குத் தெற்கே இருந்த அந்த நூற்பாலையின் அலுவலக அறையில் காகிதம் தயாராக இருந்தது. "ரோபோக்களின் இயக்கத்தில் எந்தத் தொழிலாளிக்கும் பாதகமான குறை ஏதும் இல்லை" என்ற பொருளில் நான்கு வரிகள். கீழே, மென்பொருள் நிறுவனத்தின் பொறுப்பாளர் கையெழுத்திட ஒரு கோடு.

உற்பத்தி மேலாளர் குழந்தைவேலு காபியை அவள் பக்கம் தள்ளி வைத்தார்.

"ஒண்ணும் பெரிய விசயமில்லீங் மேடம். கோகிலவாணின்னு ஒரு அம்மா. பதினாறு வருசமா இங்க இருக்கறாங்க. நல்லாத்தான் வேலை பாத்துட்டு இருந்தாங்க. இப்ப ஒரு பத்து மாசமா பாதி வேலைகூட ஆகறதில்லை. கேட்டா, வண்டு வரமாட்டேங்குதுன்னு மிஷின் மேல பழியைப் போடறாங்க. யூனியனோட போட்ட ஒப்பந்தம் அப்புடி இருக்குதுங், மிஷின் மேல தப்பில்லைன்னு நீங்க எழுதிக் குடுத்தாத்தான் நாங்க ஆளை அனுப்ப முடியும்."

வண்டு என்று அவர் சொன்னது பெனிட்டாவின் ரோபோக்களை. தோசைக்கல் அகலத்தில், முழங்காலுக்கும் கீழான உயரத்தில், நான்கு சக்கரமும் மேலே ஒரு தட்டுமாக இருக்கும். நூல் சுற்றி முடிந்த பாபின்களை அள்ளிக்கொண்டு போய் அடுத்த பிரிவில் சேர்த்துவிட்டு, காலி பாபின்களைக் கொண்டுவரும். அந்த ஆலையில் மட்டும் நானூற்றுப் பன்னிரண்டு. பெட்டியிலிருந்து இறக்கிய அன்றே தொழிலாளர்கள் வண்டு என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

"பத்து மாசமா எல்லா வண்டியும் ஓடுதுல்ல?" என்றாள் பெனிட்டா.

"ஒரு வண்டிகூட நிக்கலீங். நீங்களே பாருங்க."

பார்த்தாள். சக்கரம், மின்கலம், சுமை, வேகம் எல்லாம் சரியாக இருந்தன. ஒவ்வொரு வண்டாக எடுத்துப் பார்த்தால் ஒன்றிலும் குறை இல்லை. பேனாவைத் திறந்தும் விட்டாள். பிறகு ஏனோ மூடினாள். மதியத்துக்குள் கோயம்புத்தூர் திரும்ப வேண்டும், வேறு வேலை கிடந்தது. ஆனால் ‘அனுப்ப முடியும்’ என்ற அந்தச் சொல் காதிலேயே நின்றது.

"அவங்களை ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேனே."

குழந்தைவேலுவின் முகத்தில் லேசான சலிப்பு தெரிந்தது. ஆனாலும் எழுந்து வழிகாட்டினார்.

*

ஷெட்டுக்குள் இறங்கியதும் சத்தம் நெஞ்சில் வந்து அடித்தது. நூற்பு இயந்திரங்கள் வரிசை வரிசையாக ஓடின. காற்றில் பஞ்சுத் தூசி மிதந்தது. இயந்திரங்களுக்கு நடுவே வண்டுகள் ஒன்றையொன்று இடிக்காமல், ஒன்றுக்கொன்று வழிவிட்டு நெளிந்து ஓடிக்கொண்டிருந்தன. தன் கைவேலையைப் பார்க்கும்போது பெனிட்டாவுக்கு எப்போதும் வருகிற பெருமை இப்போதும் வந்தது.

பதினேழாம் வரிசைக்கு வந்தபோது அது நின்றுபோனது.

மெலிந்த ஒரு பெண், தலையில் துணி கட்டியவள், பிளாஸ்டிக் கூடை நிறைய பாபின்களை இடுப்பில் வைத்துக்கொண்டு அறுபது அடி தூரம் நடந்து போய்க் கொட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். அந்த ஆலையில் வேறு யாரும் கூடை சுமக்கவில்லை. அவள் நடந்த பாதையில் எதிரே வந்த வண்டுகள் ஐந்தாறு அடிக்கு முன்பே திரும்பின. பின்னால் வந்தவை நின்றன. அவளைச் சுற்றி ஒரு வட்டம் வெறுமையாகக் கிடந்தது. அவள் நகர வட்டமும் கூடவே நகர்ந்தது.

வண்டுகள் போய்வரும் இடங்களைக் காட்டும் வரைபடத்தில் எத்தனையோ முறை அவள் பார்த்திருக்கக்கூடிய ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி அது. புள்ளிக்குள் ஓர் ஆள் இருக்கிறாள் என்று தோன்றியதே இல்லை.

"நீங்கதான் கோகிலவாணியா?"

"ஆமாங்." அந்தப் பெண் கூடையை இறக்கவில்லை. "கையெழுத்துப் போட வந்த மேடமுங்களா?"

பெனிட்டா கூடையின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். கோகிலவாணி சட்டென்று பின்வாங்கினாள்.

"வேண்டாமுங். என் கூடையை யாரும் தொடறதில்லை."

"ஏன்?"

"உங்களுக்குத் தெரியாதுங்களா?" அவள் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்த வேண்டியிருந்தது. "மொதல்ல வண்டுதான் ஒதுங்குச்சு. அப்பறம் ஆளுங்க ஒதுங்குனாங்க. மிஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாது, அவ ஒடம்புல என்னமோ இருக்கப்போய்த்தான் கிட்ட வரமாட்டேங்குதுன்னாங்க. சீக்குன்னு ஒருத்தி, செய்வினைன்னு ஒருத்தி. கேன்டீன்ல நான் உக்காந்தா அந்த பெஞ்சு காலியாயிரும். ஹாஸ்டல் ரூம்ல கூட இருந்த புள்ள வேற ரூமு கேட்டு வாங்கிட்டுப் போயிட்டா. போன மாசம் சூலூர்ல எந்தங்கச்சி புள்ளைக்கு மொட்டை போட்டுக் காது குத்துனாங்க. என்னையக் கூப்புடல. இங்கிருந்து சூலூருக்குப் போயிருச்சு பாருங்க பேச்சு."

அழவில்லை. நூல் அறுந்த இடத்தை விரல் தானாகத் தேடி முடிச்சுப் போட்டது.

"டாக்டர்கிட்டப் போனனுங். எல்லா டெஸ்டும் எடுத்தாங்க. ஒண்ணுமில்லைன்னுட்டாங்க. சீட்டைக் கொண்டாந்து காட்டுனேன். வண்டுக்குத் தெரியறது டாக்டருக்குத் தெரியுமாங்கறாங்க."

அப்போது பக்கவாட்டுச் சந்திலிருந்து ஒரு வண்டு வந்தது. இடப்புறம் நசுங்கியிருந்தது. மற்ற வண்டுகள் ஒதுங்கிய வட்டத்துக்குள் அது நேராக நுழைந்து, கோகிலவாணியின் காலடியில் நின்று தட்டை உயர்த்தியது. அவள் பாபின்களை அதில் அடுக்கினாள்.

"இது வருதே!" என்றாள் பெனிட்டா.

"இது ஒண்ணு மட்டும் வருமுங். பத்து மாசமா இது ஒண்ணுதான். ஏன்னு தெரியல."

பெனிட்டா குனிந்து அதன் எண்ணைப் பார்த்தாள். 217.

*

ஆலையில் அவளுக்குக் கொடுத்த சின்ன அறையில் மின்விசிறி ஓடியும் வேர்த்தது. நாற்காலியில் உட்கார முடியவில்லை. எழுந்தாள், நடந்தாள், திரும்ப வந்து திரையைப் பார்த்தாள்.

இரும்பு இயந்திரங்களும் தூசியும் நிறைந்த ஷெட்டில் மையக் கணினி ஒன்றால் எல்லா வண்டுகளையும் கம்பியில்லாமல் ஆட்டிவைக்க முடியாது. அலை அறுந்துபோகும். ஐந்து வருடங்களுக்கு முன், இருபத்தேழு வயதில், பெனிட்டாதான் அதற்கு வழி கண்டாள். தலைவன் வேண்டாம். ஒவ்வொரு வண்டும் தன்னைச் சுற்றிப் பத்து மீட்டருக்குள் இருக்கும் வண்டுகளோடு மட்டும் பேசட்டும். எங்கே ஈரம், எங்கே நெரிசல், எங்கே ஆபத்து என்று தான் கண்டதையும் கேட்டதையும் சொல்லட்டும். செய்தி தானே பரவும். மென்பொருளின் அந்தப் பகுதிக்கு அவள் வைத்த பெயர் ‘கிசுகிசு’. விளையாட்டாக வைத்தது. அதற்கு விருதுகூடக் கிடைத்தது.

217-இன் நினைவைப் பதினோரு மாதம் பின்னோக்கிப் புரட்டினாள். ஒரு மே மாதப் பிற்பகல். 217 ஓர் ஆபத்தைப் பதிவு செய்திருந்தது: பலமான மோதல், கவிழ்ந்தது. அருகில் இருந்த டேக் எண், கோகிலவாணியுடையது. மணிக்கட்டில் எல்லாத் தொழிலாளர்களும் கட்டியிருக்கும் அந்த டேக்கை வைத்துத்தான் வண்டுகள் மனிதர்களை அறியும்.

தேநீர் இடைவேளையில் அவள் கோகிலவாணியைத் தேடிப் போனாள். ஷெட்டுக்குப் பின்னால், பஞ்சு மூட்டைகள் அடுக்கிய கொட்டகையில், தனியே டம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள்.

"போன வருஷம் மே மாசம் ஒரு வண்டை உதைச்சீங்களா?"

கோகிலவாணி திடுக்கிட்டாள். "அதுக்கா இதெல்லாம்?"

"உதைச்சீங்களா?"

"ஒதைச்சனுங். சிந்துஜான்னு ஒரு புள்ள, வெயிலுக்கு மயங்கி நடையில விழுந்துட்டா. கொண்டை அவுந்து முடியெல்லாம் தரையில கெடந்துச்சு. வண்டு சக்கரத்துல முடி சுத்திருச்சு. அது பாட்டுக்கு இழுத்துட்டுப் போகுது. தலைத்தோலே வந்துருமாட்ட இருந்துச்சு. ஓடிப்போயி விட்டேன் ஒரு ஒதை. புள்ளயத் தூக்கி ஒக்கார வெச்சுட்டு, அப்பறம் அந்த வண்டை நிமித்தி, சக்கரத்துல சிக்குன முடியையெல்லாம் எடுத்துட்டு, ஓட்டி உட்டேன்."

"அதுதான் 217."

"நான் ஒதைச்ச வண்டா இன்னும் எங்கிட்ட வருது?"

"அது மட்டும்தான் வரும்," என்றாள் பெனிட்டா. "தானா அனுபவிச்சதுக்கு, கேள்விப்பட்டதைவிட மதிப்பு அதிகம்னு நான் எழுதி வெச்சிருக்கேன். நீங்க அதை நிமித்தி விட்டீங்க, மறுபடி உங்க பக்கத்துல வந்துச்சு, ஒண்ணும் ஆகல. ஆபத்தில்லைன்னு அன்னிக்கே அது மனசை மாத்திக்கிடுச்சு. ஆனா அதுக்குள்ள பக்கத்துல இருந்த வண்டுகளுக்குச் சொல்லிடுச்சு."

"இது இல்லைன்னு திருப்பிச் சொல்லலீங்களா?"

"சொல்லுச்சு. ஒரே ஒரு குரல். அதுக்குள்ள மத்ததெல்லாம் ஒண்ணுக்கொண்ணு சொல்லிக்கிட்டு இருந்துச்சு. இப்படிப் பாருங்க. நீங்க ஒரு சேதி என்கிட்ட சொல்றீங்க. நான் இன்னொருத்தர்கிட்ட சொல்றேன். அவர் சுத்திட்டு வந்து உங்ககிட்டயே சொல்றார். ஓ, இவருக்கும் தெரிஞ்சிருக்கேன்னு நீங்க இன்னும் உறுதியா நம்பறீங்க. நீங்க சொன்னதுதான் திரும்பி வந்திருக்குன்னு உங்களுக்குத் தெரியாது. யார் முதல்ல சொன்னதுன்னு குறிச்சு வெக்க நான் இடமே விடல. வேகம் குறையும்னு விட்டுட்டேன். முதல் நாள் அது ரொம்பச் சின்ன எச்சரிக்கை. சுத்திச் சுத்தி வந்து வளந்து, ஒரே மாசத்துல நானூத்திப் பதினோரு வண்டும் உங்களை ஆபத்துன்னு முடிவு பண்ணிடுச்சு."

கோகிலவாணி டீயைக் குடிக்காமல் டம்ளரையே பார்த்தாள்.

"எங்க ஹாஸ்டல்ல தெனமும் நடக்கறதுதானுங்களே இது," என்றாள் கடைசியில். "மிஷினுக்குமா கத்துக் குடுத்தீங்க?"

கோகிலவாணி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"கிட்ட வந்தாத்தானே இவ ஒண்ணும் பண்ணமாட்டான்னு தெரியும். வரவே மாட்டேன்னா எப்புடித் தெரியும்?"

அந்தக் கேள்வியைத்தான் ஐந்து வருடங்களில் யாருமே அவளிடம் கேட்கவில்லை, விருது கொடுத்தவர்கள் உட்பட.

*

நிறுவனத்தை நடத்திய நிரஞ்சன் அவளோடு கல்லூரியில் படித்தவன். போனில் பொறுமையாகக் கேட்டான்.

"சரி, ஒரு பிழை. திருத்திடு. எவ்வளவு நேரம்?"

"ஒரு மணி நேரம். ஆனா இந்த ஒரு மில் மட்டும் இல்லடா. நம்ம வண்டி பதினோரு மில்லுல ஓடுது. எல்லாத்தையும் பாத்துட்டேன். இதே மாதிரி அறுபத்து மூணு டேக்."

"அறுபத்து மூணு பேரா?"

"அதுல நாப்பத்தெட்டு டேக் இப்போ உபயோகத்துல இல்ல. வேலையை விட்டுப் போயிட்டாங்க. போனாங்களா, போக வெச்சாங்களா தெரியாது."

நிரஞ்சன் தன் அறைக்கதவைச் சாத்தும் சத்தம் போனில் கேட்டது.

"பெனி, ராத்திரிக்குள்ள பதினோரு இடத்துலயும் திருத்தத்தைப் போட்டுடு. வழக்கமான அப்டேட்னு சொல்லிக்கலாம். பழசையெல்லாம் கிளறினா கம்பெனி இருக்காது. இங்க இருபத்தாறு பேர் இருக்கோம்."

"அவங்ககிட்ட யார் சொல்றது?"

"என்னன்னு சொல்லுவே? ரோபோ உங்களைப் பத்திக் கிசுகிசு பேசுச்சுன்னா?"

அவன் கேலிக்காகச் சொல்லவில்லை. அவனுக்கும் வேறு சொல் கிடைக்கவில்லை.

திருத்தத்தை அவள் அன்று காலை பதினொன்றரை மணிக்கே முடித்தாள். ஒவ்வொரு செய்தியோடும் அது எந்த வண்டிலிருந்து கிளம்பியது என்ற குறிப்பும் போகும். தான் சொன்னது திரும்பி வந்தால் வண்டு அதை எண்ணாது. எச்சரிக்கை நாளாக ஆகத் தேய்ந்துவிடும்; மாதக்கணக்கில் பழையதென்றால் அப்போதே அழிந்துவிடும். ஏற்றிவிட்டு ஷெட்டுக்கு ஓடினாள்.

நான்கு நிமிடம்தான் ஆனது. பதினேழாம் வரிசையின் ஓரத்தில் ஒரு வண்டு தயங்கி நின்றது. பிறகு உள்ளே வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு ஏழெட்டு ஒன்றாக. தட்டுகளை உயர்த்திக்கொண்டு கோகிலவாணியின் காலைச் சுற்றி வரிசை கட்டின. அவள் பயந்து இயந்திரத்தோடு ஒட்டி நின்றாள். கையிலிருந்த கூடை விழுந்து பாபின்கள் உருண்டன. பத்து மாதங்களாக 217-ஐத் தவிர எதுவும் அவளை நெருங்கியதில்லை.

பெனிட்டா சுற்றிலும் பார்த்தாள். பக்கத்து வரிசைகளில் பெண்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ஒருத்தி இன்னொருத்தியின் காதில் சொன்னது அவளுக்கும் கேட்டது.

"அந்த மேடம் என்னமோ மந்திரிச்சு எடுத்துட்டாங்களாட்ட இருக்குது. அப்ப இருந்தது நெசம்தான்."

*

மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் பெனிட்டா கேன்டீனுக்குப் போனாள். குழந்தைவேலு வாசலிலேயே மறித்தார்.

"மேடம், சரி பண்ணிட்டீங்க. அதோட உட்ருங்க. அந்தக் காகிதத்தைக் கிழிச்சுப் போட்டுடறேன், அந்தம்மா வேலையில இருக்கட்டும். ஆளுங்க முன்னாடியெல்லாம் பேசோணுமா?"

"அஞ்சு நிமிஷம் சார்."

முந்நூறு பெண்கள் நீள பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். கோகிலவாணி வழக்கமான மூலையில், வழக்கம்போலத் தனியாக. பெனிட்டாவுக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை.

"வண்டுக்கு மூளையை எழுதினது நான். கோகிலவாணி அக்கா மேல எந்தக் குறையும் இல்ல. சீக்கு இல்ல, செய்வினை இல்ல. வண்டுகளுக்கு எதையும் மோப்பம் பிடிக்கத் தெரியாது. ஒரு வண்டு ஒரு தடவை சொன்னதை மத்த நானூறும் விசாரிக்காம நம்பிடுச்சு. அப்படி நம்பற மாதிரி எழுதினது என் தப்பு. போன வருஷம் ஒரு பொண்ணு மயங்கி விழுந்தப்போ, அவ தலைமுடி சக்கரத்துல சிக்கினப்போ, அக்கா அந்த வண்டை எட்டி உதைச்சாங்க. அவ்வளவுதான் நடந்தது. அந்தப் பொண்ணைக் காப்பாத்தினதுக்குத்தான் பத்து மாசமா இந்தத் தண்டனை."

தட்டுகளின் சத்தம் அடங்கியது. முந்நூறு தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. நடு பெஞ்சில் இருந்த சிந்துஜா, இருபத்திரண்டு வயது இருக்கும், சோற்றில் கை வைத்தபடி உறைந்து போயிருந்தாள். "கூட இருந்துட்டு ரூமு மாத்திட்டுப் போனதும் இவதான்," என்று பக்கத்து பெஞ்சில் ஒருத்தி முணுமுணுத்தபோதுதான் பெனிட்டாவுக்கு அது புரிந்தது.

சிந்துஜா எழுந்தாள். தட்டை எடுத்துக்கொண்டு மூலைக்கு நடந்தாள். பாதி வழியிலேயே அழ ஆரம்பித்துவிட்டாள்.

"அக்கா..."

"உக்காரு. சோறு ஆறுது," என்றாள் கோகிலவாணி. மன்னித்துவிட்ட குரல் இல்லை அது. ஆனால் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

அன்று அவளோடு உட்கார்ந்தவர்கள் சிந்துஜாவோடு சேர்த்து மொத்தம் இரண்டு பேர். மற்றவர்கள் அவரவர் இடத்திலேயே சாப்பிட்டு முடித்தார்கள். வண்டுகளுக்கு நான்கு நிமிடம் போதுமாக இருந்தது.

*

பெனிட்டா மூன்று இரவும் பகலுமாக உட்கார்ந்து ஓர் அறிக்கை எழுதினாள். எதையும் மறைக்கவில்லை. ஓர் எச்சரிக்கை எப்படிப் பிறக்கிறது, எப்படி வளர்கிறது, வண்டுகள் ஒதுக்கினால் ஒரு தொழிலாளியின் வேலை எத்தனை வாரத்தில் எவ்வளவு விழுகிறது, கூட இருப்பவர்கள் எப்போது விலகத் தொடங்குகிறார்கள், சராசரியாக எத்தனை மாதத்தில் அந்த ஆள் தானே வேலையை விட்டுப் போகிறார், எல்லாம். விட்டுப் போன நாற்பத்தெட்டுப் பேரையும் தேடிப்பிடித்து உண்மையைச் சொல்ல வேண்டும் என்று முடித்திருந்தாள். நிரஞ்சன் தடுத்தும் கேட்காமல் பதினோரு ஆலைகளுக்கும் அனுப்பினாள்.

மூன்று வாரம் எந்தப் பதிலும் இல்லை. தூக்கமில்லாமல் நகத்தைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். வழக்கு வரலாம். ஒப்பந்தங்கள் ரத்தாகலாம்.

ஒரு திங்கட்கிழமை நிரஞ்சன் தன் அறைக்குக் கூப்பிட்டான். முகத்தில் நிம்மதியும் சங்கடமும் ஒன்றாக இருந்தன.

"யாரும் கோவிச்சுக்கல. ஒரு மில்கூடப் போகல. உன் ரிப்போர்ட்டை ரொம்பக் கவனமாப் படிச்சிருக்காங்க."

"நெஜமாவா? அந்த நாப்பத்தெட்டுப் பேர்?"

"அதைப் பத்தி ஒண்ணும் சொல்லல." அவன் மேசையைப் பார்த்துப் பேசினான். "நாலு மில்லுல இருந்து ஒரே மாதிரி கேட்டிருக்காங்க. ஒரு சின்ன வசதி. மேலாளர் திரையில ஒரு கட்டம். அதுல டேக் நம்பரைப் போட்டா, அந்த ஆளுக்கு வண்டு போறது குறையணும். வேலைப் பங்கீடுன்னு பேர் வெச்சிருக்காங்க."

முதலில் அவளுக்கு விளங்கவில்லை. பிறகு தன் அறிக்கையில் இருந்த ஒரு வரி நினைவுக்கு வந்தது.

"அவங்களா விட்டுப் போக அஞ்சு மாசம் ஆகும்னு எழுதியிருந்தேன்."

"ம்."

"அதைத்தான் கேக்கறாங்களா?"

"ஆளை வேலையை விட்டு எடுத்தா கேஸு, நோட்டீசு, யூனியன். இதுல ஒண்ணும் இல்ல. யாரும் யாரையும் போகச் சொல்லல." நிரஞ்சன் நெற்றியைத் தேய்த்தான். "எனக்கும் பிடிக்கல பெனி. ஆனா கட்டத்தைக் குடுக்கறது மட்டும்தான் நாம. எந்த நம்பரைப் போடறாங்கங்கறது அவங்க பாடு."

"நான் எழுத மாட்டேன்."

"நீ எழுதலைன்னா வேற யாராவது அரை மணி நேரத்துல எழுதிடுவாங்க."

உண்மைதான். இரண்டே வரி. எந்த இடத்தில் அதைச் சேர்க்க வேண்டும் என்பதுகூட அவளுடைய அறிக்கையில் தெளிவாக இருந்தது. அன்று மாலையே வேலையை விட்டாள். பையை எடுத்துக்கொண்டு பீளமேட்டுச் சாலையில் பேருந்துக்கு நின்றாள். விலகியதால் எதுவும் நிற்கப்போவதில்லை. உண்மையை முழுக்க எழுதியது அவள், அதைக் கருவியாக எடுத்துக்கொண்டது அவர்கள்.

நின்ற இடத்திலிருந்தே கோகிலவாணிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள். மறுமுனையில் நூற்பு இயந்திரங்களின் இரைச்சல் கேட்டது.

"அப்ப இனிமே ஆளுங்களே நம்பர் போட்டு ஒதுக்குவாங்க," என்றாள் கோகிலவாணி கடைசியில்.

"ஆமாக்கா. என்னால நிறுத்த முடியல. உங்ககிட்டயாவது சொல்லணும்னு..."

"ஒண்ணு கேக்கறனுங். வண்டு எங்க மூஞ்சியப் பாக்குமுங்களா?"

"இல்ல. டேக்கை மட்டும்தான்."

"கைரேகை, நடை, அதெல்லாம்?"

"எதுவும் இல்லக்கா. டேக் நம்பர் மட்டும்தான்."

"செரிங்," என்று கோகிலவாணி போனை வைத்துவிட்டாள்.

கோபமாக இருக்கும் என்று பெனிட்டா நினைத்தாள்.

*

அடுத்த எட்டு மாதங்கள் அவள் ஊர் ஊராக அலைந்தாள். ஓரிடத்தில் இரண்டு நாளுக்கு மேல் இருப்புக்கொள்ளவில்லை. விட்டுப் போன அந்த நாற்பத்தெட்டுப் பேரில் பதினெட்டுப் பேரைக் கண்டுபிடித்திருந்தாள். சிலர் கேட்டு அழுதார்கள். உடுமலையில் ஒருவர் கதவைச் சாத்தினார். காங்கயத்தில் ஒரு பெண், "என் வீட்டுக்காரர்கிட்ட இதைச் சொல்லுங்க, அவர் அந்தப் பேச்சை நம்பித்தான் என்னை விட்டுப் போனார்," என்று ஒரு விலாசத்தைக் கொடுத்தாள்.

பத்தொன்பதாவது ஆளைத் தேடி வேடசந்தூர்ப் பக்கம் ஓர் ஆலைக்கு வந்தாள். பழைய முகவரியைத் தெரிந்தவர்கள் யாராவது இருப்பார்கள் என்று, மதிய ஷிஃப்ட் தொடங்கும் நேரத்தில் வாசலில் நின்றாள். மேலாளர் திரையில் அந்தக் கட்டத்தைக் கேட்டு வாங்கிய நான்கு ஆலைகளில் அதுவும் ஒன்று.

பேருந்துகளிலிருந்து பெண்கள் இறங்கி வந்தார்கள். காவலாளியின் கூண்டைத் தாண்டியதும் ஒரு புளியமரத்தடியில் நீல நிற பிளாஸ்டிக் தொட்டி ஒன்று இருந்தது. ஒவ்வொருத்தியும் தன் மணிக்கட்டிலிருந்து டேக்கை அவிழ்த்து அதில் போட்டாள். வயதான ஒருத்தி கையை விட்டு அரிசி களைவது போல் கலக்கினாள். பிறகு எல்லாரும் பார்க்காமலே ஆளுக்கொன்றை எடுத்துக் கட்டிக்கொண்டு, பேசிச் சிரித்தபடி உள்ளே போனார்கள்.

பெனிட்டா நின்ற இடத்திலேயே நின்றாள். பிறகு கடைசியாக வந்த பெண்ணிடம் ஓடினாள்.

"இது என்னங்க, டேக்கை மாத்திக்கறீங்க?"

அந்தப் பெண் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க ஆபீஸ் ஆளா?"

"இல்ல. முன்னாடி இருந்தேன்."

"இங்க எல்லா ஷிஃப்டும் இப்படித்தான்க்கா. ஒரே ஆளு நம்பரை ஒதுக்குனா அவ ஒருத்தி சாவா. இப்ப எவளுக்கு விழுந்தாலும் ஒரு நாளைக்குத்தான். அன்னிக்கு அவளுக்குப் பக்கத்து வரிசைக்காரி கூடையைத் தூக்குவா. ரெண்டு மாசம் பாத்துட்டு, கட்டத்துல நம்பர் போடறதையே விட்டுட்டாங்க மேனேஜரு."

"யார் சொல்லிக் குடுத்தா?"

"யாருன்னு தெரியலயே. கீரனூர் மில்லுல செஞ்சாகன்னு எங்க சித்தி மக சொன்னா. அவளுக்குத் தாராபுரத்துல இருந்து யாரோ சொன்னாகளாம், அவுகளுக்குப் பல்லடத்துப் பக்கமிருந்து வந்துச்சாம்."

அவள் மணிக்கட்டில் கட்டியிருந்த எண்ணைப் பெனிட்டா பார்த்தாள்.

"இது யாரோட நம்பர்?"

அந்தப் பெண் கையைத் திருப்பி, முதல்முறையாகப் பார்ப்பது போல் எண்ணைப் பார்த்தாள்.

"தெரியாதுக்கா," என்றாள். "யாரோ நம்மாளுதான்." சங்கு ஊதவே முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே ஓடினாள்.